பெயர் எழுதிய நீலத் தாள்

பிளஸ் டூ மாணவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வில் இரும்பைக் கண்டறியும் சோதனை ஒன்று உண்டு. ஃபெரஸ் உப்புக் கரைசலில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு சில சொட்டு விட வேண்டும். விட்ட கணமே சோதனைக்குழாயில் கருநீலம் திரளும். கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக ஆண்டுதோறும் அந்த நீலத்தைப் பார்த்து வந்தேன். "மிஸ், வந்துடுச்சு" என்று பிள்ளைகள் குழாயைத் தூக்கிக் காட்டுவார்கள். நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போவேன். இதே வினையைக் காகிதத்தின்மேல் வெயிலைக் கொண்டு நடத்தினால் படம் விழும் என்பதும், 1842-லேயே ஒருவர் அதைச் செய்துவிட்டார் என்பதும் வேலையில் சேர்ந்து வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

அவர் சர் ஜான் ஹெர்ஷல். வானியலாளர். நெகடிவ், பாசிடிவ் என்று இன்றைக்கும் நாம் சொல்லும் பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். வெள்ளி உப்பால் எடுத்த படங்கள் வெளிச்சத்தில் கறுத்துப்போகாமல் நிறுத்திவைக்க ஹைப்போ உதவும் என்று காட்டியவரும் அவரே. சயனோடைப் என்கிற அவருடைய நீலப்பட முறைக்கு வெள்ளியே வேண்டாம், இரும்பு போதும். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் ஒரு குப்பி, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஒரு குப்பி. இரண்டு கரைசலையும் சம அளவு கலந்து தாளில் பூசி இருட்டில் காயவைத்தால், தாள் பச்சை ஓடிய மஞ்சளாக இருக்கும். அதன்மேல் இலையை வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடத்தில் ஃபெரிக் இரும்பு ஃபெரஸாகி, கூடவே இருக்கும் ஃபெர்ரிசயனைடோடு சேர்ந்து நீலமாகிறது. இலை மறைத்த இடம் அப்படியே நிற்கும். அலசினால் மாறாத உப்பெல்லாம் தண்ணீரோடு போய்விடும். லென்ஸ் கிடையாது, கேமரா கிடையாது. செடிக்கும் தாளுக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது. என்னைப் பிடித்து உட்காரவைத்தது அதுதான்.

சிட்ரேட் எங்கள் ஆய்வகத்தில் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கெமிக்கல் கடையில் சொல்லிவைத்து வாங்கினேன். ஜனவரி தொடங்கி மார்ச் வரை இங்கே வெயில் தெளிவாக அடிக்கும். பழைய சாமி படத்தின் சட்டத்திலிருந்து கழற்றிய கண்ணாடி, நாலு கிளிப், ஒரு பிளைவுட் பலகை, இவ்வளவுதான் சாமான். வீட்டின் பின்புறச் சரிவிலிருந்து பெரணி ஒன்றைக் கிள்ளிவந்து தாளில் பரப்பிக் கண்ணாடியை அழுத்தினேன். முற்றத்தில் வைத்ததும் மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகி, பிறகு பழைய வெண்கலப் பாத்திரத்தின் அடிபோல மங்கிச் சாம்பல் பூத்தது. பார்க்கிறவர்கள் படம் கெட்டுவிட்டது என்று நினைக்கும் கட்டம் அது. உண்மையில் அப்போதுதான் எடுக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த தட்டில் தாளைப் போட்டதும் பெரணி இருந்த இடத்திலிருந்து மஞ்சள் கரைந்து வழிந்தது. நரம்பு நரம்பாக வெள்ளை தெரிந்தது. இலையின் அடியில் வரிசையாக ஒட்டியிருந்த வித்துப் பொட்டுகளில் சில தாளில் உதிர்ந்திருந்தன. அவையும் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகளாக விழுந்திருந்தன. மடங்கிய ஒரு சிற்றிலை, பூச்சி கடித்த ஓர் ஓரம், எதையும் தாள் விடவில்லை.

அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, அப்போது உயிரோடு இருந்தார். எண்பது வயது. முற்றத்தில் வெயில் காய உட்கார்ந்திருந்தவர், ஈரத்தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பச்சை இல்லை, வாசனை இல்லை, வெறும் வடிவம். "இது நம்ம லயத்துக்குப் பின்னால, பீலிக்கரை ஓரமா மண்டிக் கெடக்குமே" என்றார். அவர் சொன்ன லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, கோத்தகிரியில் இல்லை. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கிருந்து அவர் கிளம்பி நாற்பது வருஷத்துக்குமேல் ஆகியிருந்தது.

அவர் சொன்னது சரிதான். கவட்டை கவட்டையாகக் கிளைத்துச் சரிவுகளை மூடும் அந்தப் பெரணி அங்கும் உண்டு, இங்கும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே உயிர்ப்பன்மைப் பகுதியாகத்தான் உலக அறிவியலாளர்கள் கணக்கில் வைக்கிறார்கள். பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது இரண்டு நிலமும் தரைவழியே சேர்ந்திருந்தன. தவுட்டுப்பழச் செடி இரண்டிடத்திலும் இருக்கிறது. காட்டுப்பூவரசு என்று இங்கே சொல்லும் சிவப்புப் பூ மரத்துக்கு நுவரெலியாப் பக்கம் நெருங்கிய உறவு மரம் உண்டு. அன்றைக்குப் பிறகு நான் எந்தச் செடியைப் படம்பிடித்தாலும் முதலில் அப்பாயியிடம் காட்டுவேன். அங்கே இருந்தது, இல்லாதது என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் போகாதவர். கொழுந்து பறித்த கையாலும் கண்ணாலும் சேர்த்துவைத்த செடியறிவு அது. பின்னால் நான் தாவர நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்த அளவில் அவர் பிரிவினை பெரும்பாலும் ஒத்துப்போனது.

எங்கள் வீட்டில் அதுவரை போட்டோ என்றால் வேறு பொருள். அதிகாரிக்குக் காட்டுவதற்கு எடுப்பது. காப்பித் தோட்டக் காலத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணியோடு கடல் கடந்து போன குடும்பம் எங்களுடையது. அப்பாயி அங்கேயே பிறந்தவர். 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது மலைநாட்டுத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர் இல்லாமல் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் கையெழுத்திட்டன. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்பாயியையோ தாத்தாவையோ யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம்தான் எங்கள் குடும்பத்தின் முதல் படம். தாத்தா, அப்பாயி, எண்ணெய் வழிய வாரிய தலையோடு என் அப்பா, மடியில் அத்தை. எல்லோரும் விறைத்துப்போய் இருக்கிறார்கள். பின்னால் தொங்கும் திரையில் யாரோ வரைந்த ஏரியும் மாடிப்படியும். அவர்கள் தினமும் ஏறி இறங்கிய மலையில் ஒரு கீற்றுகூடப் படத்தில் கிடையாது. அந்தப் படத்தோடு ஹட்டனில் ரயிலேறினார்கள். ஊரே கூடி அழுது அனுப்பியதால் அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பல், ராமேசுவரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழக அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கூடையை மாட்டினார்கள். அங்கே இந்தியாக்காரர்களாக இருந்தவர்கள் இங்கே சிலோன்காரர்கள் ஆனார்கள். நான் இந்த மண்ணில் பிறந்தவள். ஆனாலும் பள்ளியில் என்னைச் சிலோன்காரப் புள்ள என்றுதான் அடையாளம் சொன்னார்கள்.

நீலப்படம் செய்யத் தொடங்கியபின் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அன்னா ஆட்கின்ஸ் என்ற பெண்மணியிடம் வந்து நின்றேன். இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் 1799-ல் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய அறிவியலாளரான தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரனோடு வளர்ந்தவர். தந்தைக்கு ஹெர்ஷல் நண்பர். ஆகவே புதிய முறை உடனே மகளிடம் வந்து சேர்ந்தது. கடற்பாசிகளைத் தாளில் பரப்பி, வெயிலில் காட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் கையாலேயே செய்து 1843 அக்டோபரில் முதல் பகுதியை வெளியிட்டார். 1853 வரை பகுதி பகுதியாக வந்தது. ஒளிப்படங்களோடு உருவான முதல் நூல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கடற்பாசி போல ஈரமான, நழுவும், மெல்லிய பொருளை ஓவியர் வரைவதைவிட அதுவே தன்னைப் பதித்துக்கொள்வது மேல் என்று ஒருவர் அன்றைக்கே யோசித்தது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

அதைவிட என் கண் போனது அந்தப் பக்கங்களின் அடிப்பகுதிக்கு. ஒவ்வொரு பாசியின் லத்தீன் பெயரும் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. எண்ணெய் தடவி ஒளி ஊடுருவச் செய்த காகிதத்தில் மையால் எழுதி, அந்தத் துண்டையும் பாசியோடு சேர்த்து வெயிலில் வைத்திருக்கிறார். செடியும் பெயரும் ஒரே வெயிலில், ஒரே நேரத்தில் பதிந்தன. பின்னால் தோழி ஆன் டிக்சனோடு சேர்ந்து அவர் செய்த பெரணித் தொகுப்பில் சில தாள்களில் பெயருக்குக் கீழே ஜமைக்கா என்று எழுதியிருக்கிறது. அவர் கணவர் ஜான் பெல்லி ஆட்கின்ஸின் குடும்பம் மேற்கிந்தியத் தீவு வணிகம் செய்த குடும்பம். ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பில் நடந்த தோட்டங்களோடு தொடர்புடையது. அந்தத் தாள்களில் பெரணிக்குப் பெயர் இருக்கிறது, தீவுக்குப் பெயர் இருக்கிறது. அந்த மலைகளில் உழைத்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீலத்தின் அழகில் மயங்கிக்கொண்டே இதையும் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டில் ஒன்றை விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஹெர்ஷலின் நண்பர்களில் இன்னொருவர் எங்களுக்கு மிக அருகில் வந்துவிட்டார். ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1836-ல் உடல்நலம் தேறத் தென்னாப்பிரிக்காவின் கேப் முனைக்குப் போயிருந்தபோது, அங்கே தங்கித் தென்வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹெர்ஷலைச் சந்தித்தார். நட்பு கடைசிவரை நீடித்தது. ஒளிப்படம் என்ற ஒன்று உண்டானதையே முதலில் ஹெர்ஷல் வழியாகத்தான் அறிந்தார். 48 வயதில் கையில் கேமரா கிடைத்தது. ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில், 1867-ல் ஹெர்ஷலையே எடுத்தார். நரைமுடி பறக்கும் அந்த முகம் உலகப் புகழ் பெற்றது. ஜூலியாவின் கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், இலங்கை வரலாற்றுப் பாடத்தில் வரும் கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழுவின் கேமரன்தான். மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் வாங்கிப் போட்டவர். 1875-ல் இருவரும் இலங்கைக்குக் குடியேறினார்கள். 1869 முதல் பரவிய இலைத்துரு நோயில் காப்பி சாய்ந்துகொண்டிருந்த காலம் அது. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் ஜூலியா கேமரன் இறந்தார். அடக்கம் செய்தது பொகவந்தலாவையில், செயின்ட் மேரி தேவாலயத்தில்.

இதைப் படித்த அன்று அப்பாயியிடம் கேட்டேன். "அந்த மாதா கோயில் தெரியுமா?"

"தெரியாம என்ன? அதத் தாண்டித்தானே கடைக்குப் போவோம். வெள்ளக்காரங்களப் பொதச்ச எடம். உள்ள போனதில்ல."

"போட்டோ புடிக்கிற ஒரு வெள்ளைக்காரம்மா அங்கதான் இருக்காங்க அப்பாயி. பெரிய ஆளு."

"நம்ம ஆளுங்களப் புடிச்சாளா?"

பிடித்தார். இங்கிலாந்தில் எடுத்ததோடு ஒப்பிட்டால் இலங்கையில் எடுத்தவை மிகக் குறைவு. மிஞ்சியவை சில பத்துப் படங்கள்தான். ஆனால் அவற்றில் பணியாட்களும் தோட்டத்து வேலைக்காரர்களும் இருக்கிறார்கள். 1878-ல் எடுத்த ஒரு படத்தில் களுத்துறைக் குடியானவர்கள் மூன்று பேர். அதில் இருக்கும் பெண்ணுக்கு வயது பன்னிரண்டு என்றும், கிழவர் தன்னை அவளுடைய தந்தை என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்வதாகவும் அவரே குறித்திருக்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார், பெயரை எழுதவில்லை. இங்கிலாந்தில் வீட்டுப் பணிப்பெண்ணை மாதாவாக அலங்கரித்து எடுத்தபோதுகூட அவள் யார் என்று நமக்குத் தெரிகிறது. நான் பார்த்த இலங்கைப் படங்களில் அவர்கள் பெயர் தெரிவதில்லை. ஆனால் அந்தப் படங்களை என்னால் வெறுக்க முடியவில்லை. முகத்தை அருகில் வைத்து, கண்ணில் வெளிச்சம் விழும்வரை பொறுத்து எடுத்தவர் அவர். எங்கள் ஸ்டூடியோ படத்தில் ஒருவர் முகத்திலும் இல்லாத ஓய்வு அந்த முகங்களில் இருக்கிறது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, அப்பாயி தன் கையை நீட்டினார். "என் கையப் புடி."

அடுத்த நாள் காலை பெரிய தாளில் பூசிக் காயவைத்திருந்ததை எடுத்துவந்தேன். வியர்வை பட்டால் தாள் அங்கங்கே கறைபட்டுவிடும் என்பதால் மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்தேன். அப்பாயி கட்டிலில் உட்கார்ந்தபடி பலகையை மடியில் வாங்கி வலது கையை வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மற்ற விரல்களோடு ஒட்டாமல் விலகியே நின்றன. ஐம்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரல்கள், நேராகப் படியாது. அழுத்திப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். மேகம் ஒன்று வந்து மறைத்தபோது கையை எடுக்காமல் காத்திருந்தார். தண்ணீரில் அலசியபோது உள்ளங்கை தாளோடு ஒட்டிய இடம் பளிச்சென்ற வெள்ளையாகவும், மேலெழும்பி நின்ற அந்த இரண்டு விரல் நுனிகளைச் சுற்றி நீலம் உள்ளே கசிந்து மங்கலாகவும் இருந்தன. எந்த இடம் தாளைத் தொட்டது, எது தொடவில்லை என்பது அப்படியே தெரிந்தது.

"பேரு எழுதலியா?" என்றார். ஆட்கின்ஸ் செய்தது போலச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. டிரேசிங் தாளில் கறுப்பு மையால் எழுதி, இன்னொரு தாளில் கையோடு சேர்த்து மறுபடியும் வைத்தோம். என்ன எழுத வேண்டும் என்று அவரே சொன்னார்: பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், மலை நம்பர், செக்ரோல் என்கிற ஆள்பதிவேட்டு நம்பர். பொகவந்தலாவைத் தோட்டத்து எண்ணும் கோத்தகிரித் தோட்டத்து எண்ணும் இரண்டுமே அவருக்கு மனப்பாடம். இரண்டையும் எழுதச் சொன்னார். அந்தப் பெயரை இங்கே நான் அச்சில் போடவில்லை. தாளில் எழுதச் சொன்னார், பத்திரிகையில் போடலாமா என்று நான் கேட்டதில்லை, இப்போது கேட்க அவர் இல்லை. படத்தைத் தோட்டத்துத் தூள் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தேன். தேயிலையின் டானின் இரும்போடு சேர்ந்து நீலத்தைக் கருப்பு கலந்த நிறத்துக்கு இழுக்கும். தாளின் வெள்ளை பழுப்பேறும். அவர் கையின் நிறம் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

அவர் போனபின் நான் பொகவந்தலாவைக்குப் போனேன். தேயிலைக்கு நடுவே கல்லால் கட்டிய சிறு கோயில். கேமரன் தம்பதியின் கல்லறை அங்கே இருக்கிறது, யாரோ பராமரிக்கிறார்கள். அங்கிருந்து அப்பாயி சொன்ன அடையாளத்தை வைத்து லயத்தைத் தேடினேன். லயம் இருந்தது, கூரைத் தகரம் மாறியிருந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் இப்போது பிளாஸ்டிக் குழாய். அதை ஒட்டிய சரிவில் அந்தப் பெரணி அவர் சொன்னது போலவே மண்டிக் கிடந்தது. அந்த வீட்டு அம்மா என்னை உட்காரவைத்துச் சாயத்தண்ணி கொடுத்தார். எங்கள் தாத்தா பெயரைச் சொன்னதும் பக்கத்து லயத்திலிருந்து ஒரு முதியவரைக் கூட்டிவந்தார். அவருக்குத் தாத்தாவை ஞாபகமில்லை, தாத்தா அடித்த பறையை ஞாபகமிருந்தது.

பள்ளியில் இப்போது மாணவர்களோடு ஒரு நீலச்செடித் தொகுப்பு செய்துகொண்டிருக்கிறோம். தேயிலையை விட்டுவிட்ட மலைகளில் என்ன முளைக்கிறது என்று பார்த்துப் பதிப்பதுதான் வேலை. அரசுத் தோட்ட நிலம் 2,000 எக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திரும்புகிறது என்று 2022-ல் முடிவானதிலிருந்து எங்கள் பக்கத்து லைன்களில் இதுதான் பேச்சு. தோட்டம் காடாகலாம், நாம் எங்கே போவது என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் கொண்டுவரும் செடிகளில் பாதி வெளியிலிருந்து வந்தவை. உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. சீகை என்று இங்கே சொல்லும் வாட்டில் மரம் ஆஸ்திரேலியா. கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் ஆஸ்திரேலியாதான். ஆட்கின்ஸின் முதல் பகுதி வந்த அதே 1843-ல் நீலகிரிக்கு வந்தது. ஒரு பையன் எழுந்து, "அப்ப இதையெல்லாம் வெட்டணும்னு சொல்றாங்களே மிஸ், நாமளும் வெளியில இருந்து வந்தவங்கதானே" என்று கேட்டான். அவனும் மண்டபம் முகாம் வழியாக வந்த வீட்டுப் பிள்ளை.

அவனுக்கு நான் சொன்ன பதிலில் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறேன். உண்ணிச்செடியும் சீகையும் மண்டிய இடத்தில் புல்வெளி செத்துப்போகிறது. குறிஞ்சிக்கு இடமில்லை, நீரூற்று வற்றுகிறது. அதை அகற்றத்தான் வேண்டும். மனிதரைச் செடியோடு ஒரே தராசில் வைக்கக் கூடாது. உன் பாட்டி எந்தப் புல்லையும் மூடவில்லை. இந்த மலையில் கவ்வாத்து வெட்டினார், வடிகால் கான் எடுத்தார், பிள்ளை பெற்றார். அவருக்கு இங்கே இருக்க உரிமை செடியியல் நூலிலிருந்து வர வேண்டியதில்லை.

தொகுப்பின் ஒவ்வொரு தாளிலும் செடியின் பெயரைப் படகப் பிள்ளைகள் படக மொழியில், இருளப் பிள்ளைகள் தங்கள் பேச்சில், லைன் பிள்ளைகள் தங்கள் பாட்டிகளிடம் கேட்டு எழுதுகிறார்கள். ஒரே செடிக்கு மூன்று பெயர் வந்தால் மூன்றும் சேர்ந்துதான் வெயிலில் போகும். பறித்துவந்தவர் பெயரும் கூடவே. காட்டுப்பூவரசுக்கு எந்தப் பெயர் மேலே வர வேண்டும் என்று ஒரு சண்டை நடந்தது. தாளைத் திருப்பிவைத்தால் மேலே கீழே மாறிவிடும் என்று ஒரு பெண் சொல்லித் தீர்த்தாள்.

வருகிற பிப்ரவரியில் மறுபடி பொகவந்தலாவைக்குப் போகிறேன். பூசிய தாள்களைக் கறுப்பு உறையில் போட்டு எடுத்துப்போக வேண்டும், அதிக நாள் வைத்திருந்தால் வீரியம் குறையும். பகல் ஏறிவிட்டால் அங்கே மேகம் இறங்கலாம், காலையிலேயே முடித்துவிட வேண்டும். சாயத்தண்ணி கொடுத்த அந்த அம்மாவிடமும் பக்கத்து லயத்துக்காரர்களிடமும் கை வைக்கச் சம்மதமா என்று கேட்பேன். சம்மதித்தால் டிரேசிங் தாளையும் பேனாவையும் அவர்களிடமே கொடுத்துவிடுவேன்.